சுவர்த்தாளுக்குப் பின்னால் ஒரு குழாய்வாய்: பயன்படாத புகைபோக்கித் துளையை அடைத்த நிகழ்வு ஆய்வு

புகைபோக்கி கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். என்னோடு சேர்ந்து வேலை செய்பவர் புகைபோக்கி துடைப்பவர். உள்ளே கேமரா இறக்கிப் பார்ப்பதும் அவரே. ஒரு குளிர்காலத்தின் நடுவில் எங்கள் இருவரையும் கூப்பிட்ட ஒரு வீட்டில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டுக்காரர்களின் சம்மதம் வாங்கி, ஆள் அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன்.

## பின்னணி

வீடு பழையது. நிலவறை, தரைத்தளம், மேல்மாடி. நடுவில் செங்கல் புகைபோக்கி ஒன்று நிலவறையில் தொடங்கிக் கூரையைத் தாண்டிப் போகிறது. அதற்குள் ஒரே ஒரு புகைவழி. சதுரமான சுடுமண் குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா. அம்மாவுக்கு மேல்மாடியில் புகைபோக்கியை ஒட்டிய அறை. குளிர்காலத்தில் அந்தச் சுவர் கதகதப்பாக இருக்கும் என்பதற்காகவே அவருக்கு அந்த அறையைக் கொடுத்திருந்தார்கள்.

வீட்டை வாங்கிய ஆண்டிலேயே கூடத்தில் ஓர் இரும்பு விறகு அடுப்பு வைத்தார்கள். அதன் புகைக்குழாய் 15 செ.மீ. விட்டம். பழைய புகைபோக்கியிலேயே இணைத்தார்கள். பொருத்துவதற்கு முன் ஒருவர் வந்து கூரை மேலிருந்து தூரிகை விட்டுத் துடைத்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிப் போயிருக்கிறார். கேமரா இறக்கவில்லை. மேல்மாடி அறைகளுக்குள் போய்ப் பார்க்கவும் இல்லை.

அடுப்பு ஒன்றுதான், புகைபோக்கியும் ஒன்றுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்த வயதுள்ள வீடுகளில் ஒரு காலத்தில் அறைக்கு ஓர் அடுப்பு இருந்திருக்கும். ஒவ்வொன்றின் குழாயும் நுழைய, புகைபோக்கியின் பக்கச் சுவரில் வட்டமாக ஒரு துளை விட்டிருப்பார்கள். நாங்கள் அதைக் குழாய்வாய் என்போம். அடுப்பு போன பிறகு அந்த வாயில் ஒரு தகரத் தட்டைச் செருகிவிடுவார்கள். தட்டின் பின்னால் விரியும் கம்பிச் சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். சில தட்டுகளில் பூவோ இயற்கைக் காட்சியோ வரைந்திருக்கும். அடுத்து வருபவர் அதன் மேல் சுவர்த்தாள் ஒட்டுவார். அதற்கடுத்து வருபவருக்கு அங்கே ஒரு துளை இருப்பதே தெரியாது.

## முதல் குளிர்காலத்தில் தெரிந்த அறிகுறிகள்

எல்லாம் சின்னச் சின்னதாக, தனித்தனியாக வந்தன. அடுப்பு பற்றிக்கொள்ள நேரம் எடுத்தது. கதவைத் திறந்தால் புகை கூடத்துக்குள் வந்தது. கண்ணாடி ஒரே இரவில் கறுத்தது. விறகு ஈரம் என்று நினைத்தார்கள். அது ஓரளவு உண்மையும்கூட. நல்ல விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இவர்கள் எரித்தது அந்த ஆண்டு வெட்டியது. காய்ந்த விறகுக்கு மாறியதும் கொஞ்சம் சரியானது. அந்தக் "கொஞ்சம்" அவர்களை அதற்கு மேல் தேடவிடாமல் செய்துவிட்டது.

மேலே அம்மாவின் அறையில், மழை நாட்களில் தார் போன்ற வாடை. அலமாரிக்கு மேலே சுவர்த்தாளில் தேநீர் சிந்தியது போல மங்கலான வட்டக் கறை. கூரை ஒழுகுகிறது என்று ஓடு மாற்றினார்கள். காலையில் எழுந்ததும் அம்மாவுக்குத் தலைவலி. வெளியே போய்வந்தால் போய்விடும். வயது, ரத்த அழுத்தம் என்று பேசிக்கொண்டார்கள். மருமகளுக்கு மட்டும் அது உறுத்தியிருக்கிறது. கீழே இருந்தது போலவே இன்னொரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி அம்மாவின் அறையில் வைத்தார். விறகு சரியாக எரியாதபோது உண்டாகும், வாடையே இல்லாத நச்சு வாயு அது. இந்த வீட்டில் நடந்தவற்றில் மிக முக்கியமான செயல் அதுதான் என்று நினைக்கிறேன்.

## அந்த இரவு

அலாரம் வைத்துப் பத்து நாள் ஆகியிருக்கும். வெளியே குளிர் குறைந்து காற்றே இல்லாத இரவு. படுக்கப் போகும்போது அடுப்பில் விறகை நிரப்பி, காற்றுத் துவாரத்தைக் குறைத்து, கனன்றபடி விட்டிருந்தார்கள். மேல்மாடிக் குளியலறையின் வெளியேற்று விசிறி ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மறந்துவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு மேல் அம்மாவின் அறை அலாரம் ஒலித்தது. கூடத்தில், அடுப்புக்குச் சில அடி தூரத்தில் இருந்த அலாரம் பேசாமல் இருந்தது.

எல்லோரும் வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் அளந்ததில் கூடத்தைவிட மேல் அறையில் வாயு அதிகம். அடுப்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை. புகைபோக்கி முழுவதையும் பரிசோதிக்கும் வரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்கள்.

இங்கே அலாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 50291 படி செய்த அலாரம், காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடம் கழித்தே ஒலிக்கும். 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடம். 300 பங்கு என்றால் 3 நிமிடத்துக்குள். ஆகவே அது ஒலித்த கணத்தில்தான் வாயு வந்தது என்று எண்ணக் கூடாது. அம்மா அதை ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருந்தார். குறைந்த அளவில் பல வாரங்களாகவே அப்படி இருந்திருக்கலாம்.

அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டியிருக்கிறது. மகனுக்கு நிம்மதி. ஆனால் சாதாரண விரல் கருவிக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் காட்டும். அலாரம் ஒலித்ததை மருமகள் வற்புறுத்திச் சொன்ன பிறகு ரத்தம் எடுத்துத் தனியாகச் சோதித்தார்கள். வாயு ஏறியிருந்தது உறுதியானது. முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

## நாங்கள் பார்த்தது

இரண்டு நாள் கழித்துப் போனோம். அடுப்பு இருக்கும் அறையைவிட மேல் அறையில் வாயு அதிகம் என்றால், புகை கூடத்திலிருந்து படி ஏறி வரவில்லை. புகைபோக்கியிலிருந்து நேராக அந்த அறைக்குள் வருகிறது. இதை மனதில் வைத்துத்தான் தொடங்கினோம்.

கூட்டாளி மேலிருந்து கேமராவை இறக்கினார். உச்சியிலிருந்து பாதி உயரம் வரை சுடுமண் குழாயின் உள்சுவரெல்லாம் கண்ணாடி பூசியது போலக் கறுப்பாக மின்னியது. அது கிரியோசோட். விறகுப் புகை குளிர்ந்த சுவரில் படும்போது தாராகப் படிவது. முதலில் தூளாக, பிறகு செதிலாக, கடைசியில் இப்படி இறுகிய பூச்சாக ஆகும். மேல்மாடியின் உயரத்தில் பக்கச் சுவரில் ஒரு வட்டக் கருமை தெரிந்தது. அதற்குக் கீழே படிவு சட்டென்று மெலிந்து வெறும் கரித்தூளாகிவிட்டது. அந்த எல்லைக்கோடே விஷயத்தைச் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. அதற்கு மேலே புகை குளிர்கிறது. குளிர்வதால் தார் படிகிறது.

அப்புறம் அம்மாவின் அறையில் அலமாரியை நகர்த்திவிட்டுச் சுவரை விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். கறை இருந்த இடத்தில் ஓசை மாறியது. சுவர்த்தாளைக் கிழித்தால், வண்ணம் மங்கிய தகரத் தட்டு. விளிம்பு முழுக்கப் பழுப்புக் கசிவு. தட்டை எடுத்தபோது பின்னால் கசக்கித் திணித்த காகிதமும் ஒரு துணி மூட்டையும் இருந்தன. இரண்டும் ஓரத்தில் கருகியிருந்தன. அதற்குப் பின்னால் நேராகப் புகைவழி. அந்த அம்மா தலை வைத்துப் படுக்கும் இடத்துக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி.

ஒரே துளை எப்படி இரண்டு விதமான கேடு செய்தது என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. புகைபோக்கியின் இழுப்பு, அதாவது காற்றையும் புகையையும் உள்ளே இழுத்து மேலே கொண்டுபோகும் விசை, எல்லா உயரத்திலும் ஒரே அளவில் இருக்காது. அடியில், அடுப்பின் அருகே அதிகம்; மேலே போகப் போகக் குறைந்து உச்சியில் ஏறத்தாழ இல்லாமல் போகும். நெருப்பு நன்றாக எரியும்போது மேல்மாடித் துளையிலும் உள்நோக்கிய இழுப்பு இருக்கும். அப்போது அது அறைக்காற்றைக் குடிக்கும். அடுப்புக்குச் சேர வேண்டிய இழுப்பு குறையும், புகை குளிரும், தார் படியும். நெருப்பு கனலாகித் தணிந்து புகைவழி ஆறிப்போனால் அந்தக் கொஞ்ச இழுப்பும் இருக்காது. அன்றிரவு வெளியே குளிரும் இல்லை, காற்றும் இல்லை. விசிறி வேறு மேல்மாடிக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளிய காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். மிக எளிதான வழி அந்தத் தகரத் தட்டின் இடுக்குதான். கனலும் விறகில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம் உண்டாகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இரவுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தட்டுக்குப் பின்னால் வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அறைச் சுவரின் மரச்சட்டம். குழாய்வாயின் சுடுமண் வளையத்திலிருந்து நான்கு செ.மீ. தூரத்தில் நின்றது; விளிம்பு சாக்லேட் நிறமாகி, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. புதிய மரம் தீப்பற்ற 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் 100 டிகிரி அளவிலான சூடு ஆண்டுக்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் மரம் மெல்லக் கரியாக மாறி, அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். மேலே கிரியோசோட் பூச்சு, பக்கத்தில் கரியான மரம். புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். தகரத் தட்டும் காகிதமும் அதன் முன் என்ன செய்யும்? வாயு அலாரம் முந்திக்கொண்டதால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்து வெளியே வந்தது என்றே எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது, வளையத்தைச் சுற்றிச் செருகியிருந்த சாம்பல் நிற நார்க்கயிறு. இதில் நான் தவறு செய்தேன். பழகிய கையோடு அதன் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கூட்டாளிதான் கையைப் பிடித்து, "அண்ணே, விடுங்க, அது கல்நாரா இருக்கும்" என்றார். பழைய வீடுகளில் அடுப்புக் குழாய்களைச் சுற்றிக் கல்நார்க் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறும் கல்நார் அட்டையும் இருப்பது சாதாரணம். அந்த நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உடனே நிறுத்தினோம். அந்த இடத்தை நீர் தெளித்து நனைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டி, அறைக்கதவைச் சாத்தினோம். மாதிரி ஆய்வகத்துக்குப் போனது. கல்நார்தான். அதை அகற்றப் பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து முடிக்கும் வரை எங்கள் வேலை ஒரு வாரம் நின்றது. அதுவரை அம்மா கீழ் அறையில் படுத்தார்.

## என்ன செய்வது என்று முடிவெடுத்தது

வீட்டுக்காரரின் முதல் யோசனை, இன்னும் கெட்டியான உலோக மூடி ஒன்று. இன்று வேலை முடியும், நாளை அடுப்பு எரியும். அவர் அவசரம் எனக்குப் புரிந்தது, வீட்டில் குளிர். ஆனால் மூடுவது வேறு, அடைப்பது வேறு. மூடி, துளையைக் கண்ணுக்கு மறைக்கும். காற்றையும் புகையையும் சூட்டையும் நிறுத்தச் சுவரைப் போன்ற கனமும் இறுக்கமும் வேண்டும். எந்த அடுப்பும் இணைக்காத புகைவழியில் மூடி போதும் என்று வாதிடலாம். அங்கேகூட மேலும் கீழும் கொஞ்சம் காற்றோட்டம் விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தேங்கும். எரியும் அடுப்பு இருக்கும் புகைவழியில் மூடிக்கு இடமே இல்லை.

அவர் ஏற்கெனவே ஒரு டப்பா நுரையும் வாங்கி வைத்திருந்தார். மேலே "தீத்தடுப்பு" என்று எழுதியிருந்தது. அந்த வகை நுரை, சுவர்களுக்கும் தளங்களுக்கும் இடையிலுள்ள இடுக்குகளுக்காகச் சோதிக்கப்பட்டது. அது பாலியூரித்தேன். தொடர்ந்து தாங்கும் சூடு பெரும்பாலும் 100 டிகிரிக்குள்தான். விறகு அடுப்பின் புகை சாதாரணமாகவே அதைத் தாண்டும். ஜிப்சம் பலகையும் ஜிப்சம் பூச்சும் அப்படித்தான்: சூட்டில் உள்ளிருக்கும் நீர் போய்ப் பொடியாகும். கண்ணாடி இழைப் பஞ்சில் இழையைப் பிணைத்திருக்கும் பிசின் முதலில் கருகும். இவற்றில் எதையும் புகைவழியின் வாயில் வைக்கக் கூடாது.

துளையை விட்டுவைத்து, பிற்பாடு மேலே ஒரு சின்ன அடுப்பு வைக்கலாமா என்றும் கேட்டார். ஒரு புகைவழிக்கு ஒரு விறகு அடுப்பு என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று எரிய ஒன்று அணைந்திருந்தால், அணைந்த அடுப்பின் வழியே என்ன நடக்கும் என்பதற்கு அந்தத் தகரத் தட்டே சாட்சி.

உண்மையான விவாதம் எனக்கும் கூட்டாளிக்கும் இடையில்தான். புகைவழி முழுக்க, வெப்பக்காப்புச் சுற்றிய துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்கிவிடலாம் என்றார் அவர். அடுப்பின் புகை அந்தக் குழாய்க்குள்ளேயே மேலே போய்விடும். பழைய துளைகள் எத்தனை இருந்தாலும் அதன் பாதையில் வராது. நல்ல வழிதான். சுடுமண் குழாய் வெடித்திருந்தால் அதையே நானும் சொல்லியிருப்பேன். கேமராவில் விரிசல் குழாய்வாயைச் சுற்றி மட்டுமே இருந்தது. புகைவழியின் அளவும் அடுப்புக்கு ஒத்தே இருந்தது. உள்ளளவு ஏறத்தாழ 17 செ.மீ. சதுரம், பரப்பில் அடுப்பின் புகைக்குழாயைப் போல ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டும். செலவு பல மடங்கு, அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. எஃகுக் குழாய் இறக்கினாலும் கரியான சட்டத்தை வெட்டவும் துளையை அடைக்கவும் வேண்டியிருக்கும். ஆகவே, இப்போது செங்கல்லால் அடைப்பது, பருவ முடிவில் கேமரா வைத்துப் பார்த்து எஃகுக் குழாய் வேண்டுமா என்று தீர்மானிப்பது என்று முடிந்தது. அவர் இதற்கு அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

## வேலை நடந்த விதம்

முதலில் கிரியோசோட். இறுகிய பூச்சு தூரிகைக்கு அசையாது. அதை நொறுங்கச் செய்யும் மருந்தைத் தெளித்து, நாள் விட்டு, சுழலும் தூரிகையால் பலமுறை துடைத்தார் கூட்டாளி. சங்கிலி போட்டு அடித்தால் விரைவாக முடியும், ஆனால் பழைய சுடுமண்ணில் விரிசல் விழும்.

பிறகு மரம். உள்சுவர்ச் செங்கல் புகைபோக்கிக்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் நடுவில் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். தச்சர் கரியான சட்டத்தை வெட்டி எடுத்து, சுமையைப் பக்கச் சட்டங்களுக்கு மாற்றினார். அந்த இடைவெளியில் பஞ்சோ வேறெதுவோ திணிக்கக் கூடாது. காற்றுதான் அங்கே பாதுகாப்பு. தளத்தின் மட்டத்தில் மட்டும், கீழிருந்து தீ ஏறாதபடி உலோகத் தகட்டால் மூடினோம்.

அதன் பிறகு உளியால் பழைய வளையத்தை எடுத்து, துளையின் ஓரங்களை உறுதியான செங்கல் வரும் வரை சுத்தம் செய்தேன். இந்த வேலையில் கடினமான பகுதி, உள்முகத்தைப் புகைவழியின் சுவரோடு ஒரே மட்டமாகக் கொண்டுவருவது. அறைப்பக்கத்திலிருந்து ஒரு வரிசைச் செங்கல் மட்டும் வைத்து முடித்தால் உள்ளே ஒரு பள்ளம் மிஞ்சும். கரி அங்கே சேரும், தூரிகை அங்கே எட்டாது. செங்கல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஒரு திண்ணையாகி இன்னும் மோசம். ஆகவே, பழைய சுடுமண் குழாயிலிருந்து ஒரு துண்டைத் துளைக்கு ஏற்ப அறுத்தேன். விளிம்பைச் சாய்வாக்கி, அறைப்பக்கம் அகலமாகவும் புகைப்பக்கம் குறுகலாகவும் வைத்தேன். அப்படி வைத்தால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே விழாது. நடுவில் கம்பி ஒன்றைக் கோத்துப் பிடித்துக்கொண்டு, வெப்பம் தாங்கும் சாந்து பூசிப் பொருத்தினேன். அப்போது கூட்டாளி கேமராவை இறக்கி உள்ளே பார்த்து, "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, மேல் ஓரம் உள்வாங்கியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிதுங்கிய சாந்தை மேலிருந்து ஈரத் துணிச் சுருளை இறக்கி இழுத்து வழித்தோம்.

சாந்தைப் பற்றி ஒரு வார்த்தை. டப்பாவில் குழைவாக வரும் அடுப்புப் பசை பெரும்பாலும் சோடியம் சிலிக்கேட். நன்றாகச் சூடேறும் வரை அது நீரில் கரையும்; புகைவழியிலோ ஈரம் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் பயன்படுத்தியது தண்ணீர் கலந்து குழைக்கும், கால்சியம் அலுமினேட் சிமென்ட் சேர்ந்த தூள். இறுகிய பிறகு நீரில் கரையாது. இதற்கு இணைப்பு மெல்லியதாக இருக்க வேண்டும்; மூன்று மி.மீ. போதும். தடித்தால் சுருங்கி வெடிக்கும்.

சுடுமண் துண்டுக்குப் பின்னால் தீச்செங்கல் ஒரு வரிசை, அதே சாந்தில். அதற்கு வெளியே சாதாரணச் செங்கல், சிமென்ட் சுண்ணாம்புக் கலவையில், பழைய வரிசைகளோடு பல்லாகக் கோத்து. ஓரங்களில் கரணையின் முனையால் கலவையைத் திணித்து, வெற்றிடம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஈரச் சாக்கைப் போட்டு மூடி இறுகவிட்டோம். பூச்சு அப்போதே பூசவில்லை. கசிவு இருந்தால் தெரிய வேண்டும் அல்லவா.

## புகைச் சோதனையில் தெரிந்தது

புகைபோக்கியின் உச்சியை மூடிவிட்டு, அடுப்புக்குள் புகை வில்லை ஒன்றைக் கொளுத்தி, வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தோம். அடைத்த இடத்தில் ஒரு நூல் புகைகூட இல்லை. மாடப்பரணிலும் இல்லை. திருப்தியாக இருந்தபோது நிலவறையிலிருந்து பிள்ளைகளில் மூத்தவன் கூப்பிட்டான்: "மாமா, இங்கே வருது!"

புகைபோக்கியின் அடியில் கரி அள்ளும் இரும்புக் கதவு. அதன் சட்டத்தைச் சுற்றியிருந்த கலவை முழுக்க உதிர்ந்திருந்தது. அது அடுப்புக்குக் கீழே இருப்பதால் அன்றிரவு ஆபத்துக்கு நேரடிக் காரணம் அல்ல. ஆனால் குளிர்ந்த நிலவறைக் காற்றை ஓயாமல் உள்ளே விட்டு, இழுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. கேமராவில் அதைப் பார்த்தும் இருந்தோம். கதவு மூடியிருந்ததால் சரி என்று விட்டுவிட்டோம். சட்டத்தை எடுத்துப் புதிதாகப் பதித்து, கதவுக்கு வெப்பம் தாங்கும் கயிற்றுப் பட்டை வைத்து, மீண்டும் சோதித்தோம். அதன் பிறகே மேல் அறையில் பூச்சு.

## பிறகு

முதல் நான்கு நாளும் சின்ன நெருப்பு மட்டும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. சாந்தில் மிச்சமிருக்கும் ஈரம் மெதுவாக வெளியேற அவகாசம் வேண்டும். ஐந்தாம் நாள் நல்ல நெருப்பில் அளந்தபோது அடுப்பின் புகை வெளியேறும் வாயில் இழுப்பு 14 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). பழுது பார்க்கும் முன் வைத்த சோதனை நெருப்பில் 6 இருந்தது. கண்ணாடி வாரக்கணக்கில் தெளிவாக நின்றது.

தார் வாடை மட்டும் உடனே போகவில்லை. மழை வந்தால் மறுபடி வந்தது. அம்மா பயந்துபோனார், அலாரம் எதையும் காட்டவில்லை என்றாலும், அவர் பயத்தைத் தள்ளிவிட முடியாது. போய்ப் பார்த்ததில், கறை இருந்த இடத்தைச் சுற்றிய பழைய பூச்சு தாரை உறிஞ்சி வைத்திருந்தது. ஒரு கை அகலம் கூடுதலாகக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசியதும் நின்றது. இரண்டாம் மாதம் புதிய பூச்சில் முடி போன்ற ஒரு விரிசல். அதையும் கொத்திப் பார்த்தேன். பூச்சு சுருங்கியதுதான், கீழே செங்கல் இணைப்பு அப்படியே இருந்தது. காலைத் தலைவலி அந்த இரவுக்குப் பிறகு வரவில்லை.

பருவ முடிவில் துடைத்தபோது காய்ந்த கரித்தூள் மட்டும், மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக, 3 மி.மீ. கனத்துக்கும் குறைவாக இருந்தது. குழாய்வாய் இருந்த இடத்தைக் கேமராவில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எஃகுக் குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்று கூட்டாளியே சொன்னார்.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

அடுப்பு பொருத்தும் முன்பே கேமரா இறங்கியிருக்க வேண்டும். தூரிகை மட்டும் விட்டுப் பார்த்தால் பக்கத் துளை தெரியாது. புகைபோக்கி தொட்டுப் போகும் ஒவ்வோர் அறையிலும், பரணிலும், நிலவறையிலும், அலமாரிக்குப் பின்னாலும் தட்டிப் பார்த்து வாய்களை எண்ண வேண்டும்; கேமராவில் தெரியும் வாய்களின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போக வேண்டும். இப்போது நாங்கள் அப்படி ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி கொடுக்கிறோம். எந்த உயரத்தில் எந்த வாய், எதனால் அடைத்தது, எந்த ஆண்டு என்று அதில் இருக்கும்.

அலாரம் ஒவ்வொரு தளத்திலும், படுக்கும் அறைகளுக்குப் பக்கத்தில். அடுப்புக்கு அருகே ஒன்று இருக்கிறதே என்று விட்டால் இந்த வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

புகைச் சோதனையை வேலை தொடங்கும் முன்பும் ஒரு முறை செய்திருந்தால் கரிக்கதவு அப்போதே பிடிபட்டிருக்கும். மூடியிருக்கும் எதையும் அடைத்திருப்பதாக எண்ணக் கூடாது என்று வீட்டுக்காரருக்கு நான் சொன்னது எனக்கும் பொருந்தியது. பழைய குழாய்வாயைச் சுற்றி எந்த நார்ப்பொருள் இருந்தாலும், ஆய்வகம் வேறு சொல்லும் வரை அது கல்நார் என்றே வைத்துக்கொண்டு கை வைக்காமல் இருக்கிறேன்.

இந்த வேலை நடந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் எங்களைக் கூப்பிட்டார். அதே காலத்தில் அதே அமைப்பில் கட்டிய வீடு. விறகு அடுப்பு வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் பொருத்தவில்லை. கேமராவில் அதே உயரத்தில் ஒரு வாய், பரணில் இன்னொன்று. மேல்மாடியில் தட்டை எடுத்தோம். பின்னால் அதே சாம்பல் நிறக் கயிறு. நனைத்து மூடிவிட்டு வந்திருக்கிறோம். அதன் மாதிரி ஆய்வகத்தில் இருக்கிறது.